நிலநடுக்கத்துக்குப் பிறகு உடம்பு வழிப் பயிற்சி: தொண்டர் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

#1 செல்வி_சயாமா (யாங்கோன்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கும் சயாமா (டீச்சர்) நான். 2025 மார்ச் 28-இல் மியான்மரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலே, சகாயின் பக்கத்திலிருந்து சொந்தக்காரர் வீடுகளுக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் தரை லேசாக அதிருமில்லையா, அந்த நொடியே பென்சில்கள் நின்றுவிடும். எல்லாக் கண்ணும் வாசலுக்குப் போகும். ஒரு பையன் செருப்பைக் கழற்றவே மாட்டேன் என்கிறான். கோயில் மண்டபம், செருப்போடு எப்படி உள்ளே விடுவது? காரணம் கேட்டால், "ஓடும்போது கண்ணாடி குத்தும் சயாமா" என்கிறான்.

பெரியவர்களுக்குக் கழுத்து வலி, தலைசுற்றல், ராத்திரி தூக்கமில்லை. மனசு சரியில்லை என்று ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. வயிற்றைக் கலக்குது, நெஞ்சை அடைக்குது என்றுதான் பேச்சு.

கோயில் கமிட்டிக்காரர்கள், வாலிபப் பிள்ளைகள் சிலருக்கு நான் உடம்பு வழிப் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவர்கள் வீடு வீடாகப் போய் நடத்த வேண்டும் என்கிறார்கள். படித்த வரையில் எனக்குப் புரிந்தது இது: சம்பவம் முடிந்த பிறகும் உடம்பு அது முடியவில்லை என்றே நடந்துகொள்கிறது. எனவே பேச்சு மட்டும் போதாது. மூச்சு, அசைவு, தொடு உணர்வு வழியாகவும் அதைத் தணிக்க வேண்டும். அதிர்ச்சியும் உடம்பும் பற்றி எழுதிய பீட்டர் லெவின், பெஸ்ஸல் வான் டெர் கோல்க் போன்றவர்கள் சொல்வதன் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் நான் புரிந்துகொள்வது வேறு, பதினெட்டு வயசுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்து அனுப்புவது வேறு. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 வள்ளி_நர்ஸ் (பெகு, ஓய்வு)

செல்வி, கமிட்டிக்காரர்கள் அவசரப்படுத்தினாலும் நீ அவசரப்படாதே. முதல் வகுப்பில் பயிற்சியே வேண்டாம். பயப்படும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்.

அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாயும், வயிறு தன் வேலையை நிறுத்திவைக்கும். ஓடவோ எதிர்க்கவோ வழியில்லாதபோது சிலர் உறைந்துபோவார்கள். "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் அப்படியே நின்றுவிட்டேனே" என்று தங்களைத் தாங்களே திட்டிக்கொள்ளும் தாய்மார்களை நீயும் பார்த்திருப்பாய். அது கோழைத்தனம் இல்லை, அவர்கள் யோசித்து எடுத்த முடிவும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டாலே சிலருக்கு நெஞ்சுபாரம் பாதி இறங்கிவிடுகிறது.

அப்புறம் வேகஸ் நரம்பு. மூளையடியில் கிளம்பி இதயம், நுரையீரல், குடல் வரை போகிறது. அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மேலிருந்து கீழே வரும் உத்தரவு குறைவு, கீழிருந்து மேலே போகும் தகவல்தான் அதிகம். இதைச் சொன்னால் மட்டும் பிள்ளைகளுக்குப் புரியாது. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கச் சொல். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், மெதுவாக வெளியே விடும்போது தணியும். தன் விரலிலேயே தெரிந்த பிறகு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

தலைசுற்றலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு தரை நிற்காமல் ஆடுவது போலவே தோன்றுவது பலருக்கு வரும். 2011-இல் ஜப்பானில் நடந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்குள்ள மருத்துவர்கள் இதைத் தனியாகவே கவனித்து எழுதியிருக்கிறார்கள். உள்காதின் சமநிலை உறுப்பும் பதற்றமும் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் தலையில் அடிபட்டவர், வாந்தி எடுப்பவர், ஒரு கண் மங்குகிறது என்பவர் யாராக இருந்தாலும் முதலில் டாக்டரிடம்தான். மூச்சுப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்துவிடாதீர்கள்.

(எங்கள் ஊரும் இதே சகாயின் நிலப்பிளவின் மேல்தான் இருக்கிறது. 1930 மே மாதம் பெகுவில் வந்ததில் ஷ்வேமாதோ பகோடாவே சரிந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கிழவிகள் பாத்திரம் உருண்டாலே கும்பிடுவார்கள்.)

#3 ஏன்_கேட்பவன்

சயாமா, நான் குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். இந்த 'உடம்பு வழி' சமாச்சாரத்தில் பாதி உண்மை, பாதி வியாபாரம்.

உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களின் பி.டி.எஸ்.டி.க்கு (அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்புக்கு) பரிந்துரைத்தது அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும்) பேச்சு சிகிச்சையும், ஃபிரான்சின் ஷபிரோ 1987-இல் தொடங்கிய ஈ.எம்.டி.ஆர். என்ற கண் அசைவு முறையும், மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சியும்தான். உடம்பின் உணர்ச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவனிக்கச் சொல்லும் லெவினுடைய முறைக்கு ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வு என்று காட்டுவது இஸ்ரேலில் 63 பேரை வைத்துச் செய்தது, 2017-இல் வெளிவந்தது. பலன் தெரிந்தது உண்மை. ஆனால் ஒப்பிட்டது காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு. வேறொரு சிகிச்சையோடு இல்லை.

பயத்தையும் அமைதியையும் வேகஸ் நரம்பை வைத்து விளக்கும் ஸ்டீபன் போர்ஜஸின் பாலிவேகல் கொள்கையை எல்லாப் பயிற்சியாளரும் வேதம் போல ஒப்பிக்கிறார்கள். அதன் உடற்கூறு, பரிணாம அடிப்படைகளையே நரம்பியல்காரர்கள் பலர் ஒத்துக்கொள்வதில்லை. மானும் முயலும் உதறிக்கொண்டு அதிர்ச்சியை வெளியேற்றிவிடுகின்றன, எனவே மனிதனும் உதற வேண்டும் என்பது கேட்க அழகான கதை. அவ்வளவுதான். "துக்கம் இடுப்பில் பூட்டிக் கிடக்கிறது, நான் திறக்கிறேன்" என்று ஆன்லைனில் டாலரில் வசூலிக்கிறார்களே, அதற்கெல்லாம் ஆதாரம் எங்கே?

#4 வள்ளி_நர்ஸ்

தம்பி சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் அந்த சி.பி.டி.யை, ஈ.எம்.டி.ஆரை இங்கே கொடுக்கப் போகிறவர் யார்? யாங்கோனிலேயே தேட வேண்டும். மாண்டலேயில், கிராமத்தில் கேட்கவே வேண்டாம். செல்வி கேட்பது சிகிச்சை இல்லை. உடம்பைக் கொஞ்சம் அமைதிப்படுத்தி, சாப்பிட்டுத் தூங்க வைக்கும் கைமருந்து. அதைச் சிகிச்சை என்று பெயர் போட்டு விற்காத வரையில் நமக்குள் சண்டை இல்லை.

ஆதாரம் என்ற பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்கிறேன். முதல் மாதத்தில் தூக்கம் வரவில்லை, படபடப்பு என்று டயஸிபாம் வாங்கிப் போடுகிறார்களே, அந்த வகை மாத்திரையை இதற்குக் கொடுக்க வேண்டாம் என்று தம்பி சொன்ன அதே 2013 வழிகாட்டுதலில் இருக்கிறது. அதேபோல, சம்பவம் நடந்த உடனே ஆளை உட்கார வைத்து "என்ன நடந்தது, முழுசாகச் சொல், மனசில் இருப்பதைக் கொட்டு" என்று ஒரே அமர்வில் கறப்பது. அது பின்னால் வரும் பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். துக்கம் விசாரிக்கப் போனால் முழுக் கதையும் கேட்காமல் எழுந்து வர மாட்டார்கள்.

#5 கோதண்டம் (மாண்டலே)

நான் அங்கேயே இருந்தவன், இன்னமும் இருக்கிறவன். வெள்ளிக்கிழமை மதியம், மணி ஒன்று ஆகப் போகிறது. அதற்கு மேல் சொல்லப் போவதில்லை. வள்ளியக்கா சொன்னது போல யாரும் கேட்காமல் இருந்தாலே பெரிய உபகாரம்.

ஏப்ரல் மாதம் வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. பெயர் வேண்டாம். நல்ல மனுஷர்கள்தான். ஒரு கூடத்துக்குள் எங்களை வரிசையாகப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, விளக்கையும் அணைத்து, "உங்கள் உடம்பைத் தரை தாங்குகிறது, தரையை நம்புங்கள்" என்றார்கள். எந்தத் தரையை? அடுத்த வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வெளியே ஓடினாள். அவள் பின்னாலேயே பாதிக் கூடம் ஓடிற்று. சிலர் இடிபாட்டுக்குள் அப்படியே மல்லாக்கக் கிடந்தவர்கள், இருட்டில். அதை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

இன்னொரு நாள் இன்னொருவர், சுவரில் இரண்டு கையையும் வைத்து முழு பலத்தோடு தள்ளுங்கள், கால் ஊன்றுவது தெரியும் என்றார். பயிற்சி நல்ல பயிற்சியாக இருக்கலாம். இந்த ஊரில் இன்னும் நிற்கிற சுவரைத் தள்ளச் சொன்னால் யார் தள்ளுவான்? நாங்கள் சுவருக்குப் பக்கத்தில் நிற்பதே இல்லை.

கடைசியில் எங்களுக்கு ஒத்து வந்தது சின்லோன். சாயங்காலம் வெட்டவெளியில் பையன்கள் பிரம்புப் பந்தைக் காலால் தட்ட ஆரம்பித்தார்கள். பிறகு பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் தோற்பதில்லை, பந்து விழாமல் இருந்தால் போதும். அந்த நேரத்தில் மட்டும் பின்னதிர்வு வந்தாலும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

#6 சிவகாமி_யோகா (யாங்கோன்)

கோதண்டம் அண்ணே எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடவில்லை. சவாசனம் எல்லோருக்கும் ஓய்வு தரும் என்று பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதிர்ச்சிக்கு ஏற்ற யோகா என்று டேவிட் எமர்சன் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. வான் டெர் கோல்க் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு அந்த வகை யோகாவை வைத்துத்தான். பல ஆண்டுகளாகச் சிகிச்சைக்கு மசியாத பி.டி.எஸ்.டி. உள்ள 64 பெண்கள், 10 வாரம், வாரம் ஒரு வகுப்பு. முடிவில் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பி.டி.எஸ்.டி. வரையறைக்குள் வரவில்லை. உடல்நலப் பாட வகுப்புக்குப் போனவர்களில் 21 சதவீதம். சின்ன ஆய்வுதான், தம்பி கேட்பதற்கு முன்பே ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஆசனம் இல்லை, ஆசிரியர் பேசும் விதம். "கையைத் தூக்கு" என்று உத்தரவு இல்லை. "விருப்பமிருந்தால் கையைத் தூக்கிப் பார்க்கலாம், பாதியில் நிறுத்தலாம், சும்மா உட்கார்ந்தும் இருக்கலாம்." பின்னால் வந்து முதுகைத் தொட்டுத் திருத்துவது கிடையாது. கண் திறந்தே இருக்கலாம். கதவு தெரிகிற மாதிரி உட்காரலாம். அதிர்ச்சி என்பதே நம் உடம்புக்கு என்ன நடக்க வேண்டும் என்பதில் நமக்குச் சொல் இல்லாமல் போன சமயம். அதைச் சரிசெய்ய வந்த வகுப்பிலும் ஒருவர் மேலே நின்று உத்தரவு போட்டால் பிறகு என்ன பயன்?

செல்வி, அந்தப் பையனின் செருப்பைப் பற்றி: கழற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். உள்ளேயும் விட வேண்டாம். அவனை வாசல் திண்ணையில் உட்கார வைத்து, வகுப்பையே கொஞ்சம் வாசல் பக்கம் நகர்த்திவிடுங்கள்.

#7 செல்வி_சயாமா

திண்ணை யோசனை நல்ல யோசனை. நேற்று அவனிடமே கேட்டேன். செருப்பைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டால் உள்ளே வருகிறேன் என்றான். பூசாரி ஐயா முதலில் முகம் சுளித்தார், பிறகு "பை மூடியிருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு சந்தேகம். நம் ஊரில் உடம்பு வழி என்றதும் பத்துப் பேரில் எட்டுப் பேர் விபாசனா தியான முகாமுக்குப் போகச் சொல்கிறார்கள். அதுவும் உடம்பைக் கவனிப்பதுதானே?

#8 தட்டோன்_மணி

நிச்சயமாகப் போக வேண்டும்! இந்த மண்ணில் பிறந்த வித்தை. விபாசனாவைப் பரப்பிய கோயங்காஜி 1924-இல் மாண்டலேயில் பிறந்தவர். தீராத ஒற்றைத் தலைவலிக்காகத்தான் 1955-இல் ரங்கூனில் ஊ பா கின்னிடம் போய்ச் சேர்ந்தார். அந்த ஊ பா கின் யார்? சுதந்திர பர்மாவின் முதல் கணக்காயர். ஆபீசிலேயே தியானம் சொல்லிக் கொடுத்தவர். தலை முதல் பாதம் வரை உணர்ச்சியைக் கவனிக்கச் சொல்லும் முறையை வெளிநாட்டுக்காரர்கள் இன்று 'சோமாட்டிக்' (உடம்பு வழி) என்று பெயர் மாற்றி நமக்கே விற்கிறார்கள். பத்து நாள் உட்கார்ந்தால் எல்லாம் தானாகப் போகும்.

#9 ஏன்_கேட்பவன்

மணி அண்ணே, பெருமை நியாயம்தான். "எல்லாம் தானாகப் போகும்" என்பதுதான் இடிக்கிறது. அந்த மையங்களே தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு இந்த முகாம் உகந்ததல்ல என்று சொல்கின்றன. ஏன் சொல்ல வேண்டும்? பேச்சு இல்லாமல், அசையாமல், கண்ணை மூடி, நாள் முழுக்க உடம்பின் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பது சாதாரண ஆளுக்கே கனமான வேலை. வீடு இடிந்து மூன்று மாதம் ஆகாதவருக்கு உள்ளே பார்த்தால் என்ன தெரியும்?

#10 சிவகாமி_யோகா

நான் இதில் தம்பி கட்சி. விபாசனா தவறு என்று சொல்லவில்லை. காலம் தவறு. புதிதாக அடிபட்டவருக்கு முதலில் கவனம் வெளியே போக வேண்டும். மரம், சத்தம், பக்கத்தில் இருப்பவர் முகம். உள்ளே பார்ப்பது பிறகு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. லெவின் முறையில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். கஷ்டமான உணர்ச்சியைத் துளி தொட்டு, உடனே உடம்பில் எந்த இடம் பரவாயில்லையோ அங்கே திரும்பி வருவது. காது மடல் பரவாயில்லையா? பாதம் பரவாயில்லையா? அங்கே இருந்துவிட்டு மறுபடி. மான் கதையைத் தூக்கிப் போட்டாலும் இந்த நிதானம் நிற்கும்.

#11 மீனாள்_பாட்டி_பேத்தி (மோல்மீன்)

இங்கே எல்லோரும் வெளிநாட்டுப் பெயர்களையே சொல்கிறீர்கள். நம் வீட்டில் இல்லாததா? பிள்ளை பயந்துவிட்டால் விபூதி போட்டு, முதுகைத் தடவி, மடியில் போட்டு ஆட்டுவார்கள். சாவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் அசைந்து ஒப்பாரி வைப்பார்கள். அழுது முடித்து எழுந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பர்மாக்காரர்களிடமும் உண்டு. பயத்தில் ஆன்மா வண்ணத்துப்பூச்சியாக உடம்பை விட்டுப் போய்விடும் என்று சொல்லி, பெரியவர்கள் அதைக் கூப்பிட்டு வரவழைப்பார்கள். என் பாட்டி 1942-இல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்து, போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர். எந்த டாக்டரும் அவரைப் பார்க்கவில்லை. மாரியம்மன் கோயில் கும்மிதான் அவருக்கு மருந்து.

#12 வள்ளி_நர்ஸ்

மீனாள், கும்மி சரி. ஒப்பாரியும் சரி. கூட்டமாக, ஒரே தாளத்தில், கை தட்டி நடப்பதில் மூச்சும் ஒழுங்குபடுகிறது, தனியாக இல்லை என்பதும் உடம்புக்குத் தெரிகிறது. இத்தாலியில் 2001-இல் 23 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஜெபமாலை சொன்னாலும், ஓம் மணி பத்மே மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 6 தடவையாக இறங்கியதாம், இதயத்தின் தாளமும் அதற்கேற்ப மாறியதாம். எனவே நம் பஜனைக்குக் கணக்கு உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொள்ளாதே. பயந்த பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடியைப் பிடித்து வேப்பிலையால் அடித்ததையும் நான் வார்டில் பார்த்திருக்கிறேன், தோலில் தடிப்போடு கொண்டுவருவார்கள். அதுவும் 'உடம்பு வழி'தான். சிவகாமி சொன்ன அளவுகோலை நம் பழக்கங்களுக்கும் வை. அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா? முடிந்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் விட்டுவிடு.

அப்புறம், உன் பாட்டிக்குக் கும்மி போதும் என்று நீ எப்படிச் சொல்கிறாய்? கேட்டுப் பார்த்தாயா?

#13 மீனாள்_பாட்டி_பேத்தி

கேட்டதில்லை. தலைமாட்டில் ஒரு துணி மூட்டை கட்டி வைத்துக்கொண்டுதான் கடைசி வரை தூங்கினார் என்று அம்மா சொல்வார். அதையும் எழுதியிருக்க வேண்டும்.

வண்ணத்துப்பூச்சி விஷயமாக ஒன்று. இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்து, இடம் வலம் என்று மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டிக்கொள்வது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அதை 'வண்ணத்துப்பூச்சி அணைப்பு' என்கிறார்கள். மெக்சிகோவில் அகபுல்கோ ஊரை 1997-இல் பாலின் புயல் அடித்த பிறகு, அங்கே பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள் கண்டுபிடித்ததாம். எங்கள் தெருப் பர்மாக் குழந்தைகளுக்குக் காட்டினேன். போன ஆன்மா திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது என்று அவர்களே விளையாட்டாக்கிக்கொண்டார்கள்.

#14 கோதண்டம் (மாண்டலே)

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் ஒத்து வந்தது: தனாக்கா (கட்டையைத் தேய்த்து எடுத்து முகத்தில் பூசும் குழம்பு). பக்கத்து வீட்டு டோ (பர்மாக்கார அத்தை) கல்லை வெளியே மரத்தடிக்குக் கொண்டுவந்து, கட்டையைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். கல்லில் தண்ணீர் ஊற்றி வட்டமாகத் தேய்க்க வேண்டும், கை வலிக்கும் வரை. பிறகு அந்தக் குழம்பைத் தாங்களே கன்னத்தில் பூசிக்கொள்வது. அது சில்லென்று இருக்கும், வாசனை வரும், காய்ந்தால் தோலைப் பிடிக்கும். அந்தப் பிள்ளைகளில் சிலர் வந்த நாளிலிருந்து பேசாமல் இருந்தவர்கள். "அவளுக்கு நான் பூசட்டுமா" என்று ஒரு பெண் கேட்டாள். அவ்வளவுதான் அன்றைக்குப் பேச்சு. போதும்.

#15 சிவகாமி_யோகா

அண்ணே, பயிற்சிப் புத்தகங்களில் 'ஐம்புலன்களால் நிகழ்காலத்துக்கு வருவது' என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை உங்கள் டோ ஒரு கல்லில் முடித்துவிட்டார்.

#16 செல்வி_சயாமா

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். குறை சொல்லுங்கள்.

தொண்டர்களுக்கு நான்கு ஞாயிறு. முதல் ஞாயிறு வள்ளியக்கா சொன்ன நாடி பார்த்தல், பயத்தின்போது உடம்பு, உறைந்துபோதல். இரண்டாவது ஞாயிறு முழுக்கப் பேச்சு முறை மட்டும். ஒருவரை ஒருவர் உட்கார வைத்து, "விருப்பமிருந்தால்" என்று சொல்லப் பழகுவது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் நம் பிள்ளைகள் ஆசிரியர் பாணியில்தான் பேசுவார்கள், நானே அப்படித்தானே வளர்த்திருக்கிறேன். கூடவே எல்லோரும் நிறுத்தச் சொல்லிப் பழக வேண்டும். கையைத் தூக்கினால் நடத்துபவர் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். இதைப் பழகாதவர் யாரையும் வெளியே அனுப்ப மாட்டேன்.

மூன்றாவது ஞாயிறுதான் பயிற்சிகள், அதுவும் கொஞ்சம்தான். சுற்றிலும் பார்த்துக் கண்ணில் படுவதைச் சொல்வது, வெளியே போகும் வழி எது என்பதையும் சேர்த்து. பாதத்தைத் தரையில் அழுத்துவது. தரை பிடிக்காதவர்களுக்கு இரண்டு உள்ளங்கையை ஒன்றோடொன்று அழுத்துவது. சுவர் கிடையாது. நீளமாக வெளிமூச்சு விட்டு முனகுவது. வண்ணத்துப்பூச்சி, கும்மி, தனாக்கா, பையன்களுக்குச் சின்லோன். படுக்கை இல்லை, கண் மூடல் இல்லை, யாரையும் தொடுவது இல்லை. நான்காவது ஞாயிறு, யாரை எப்போது பெரியவர்களிடம் ஒப்படைப்பது என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேட்டில் உள்ள பார், கேள், இணை என்ற மூன்றையும் அதில் வைத்துக்கொள்கிறேன்.

மழை தொடங்கிவிட்டது, வெட்டவெளி முடியாது. கோயில் முற்றத்தில் மூங்கில் பந்தல் போட்டுத் தார்ப்பாய் கட்டலாம் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன்.

#17 வள்ளி_நர்ஸ்

நல்லது. இரண்டு திருத்தம். மூச்சு என்றதும் பிள்ளைகள் "நல்லா இழு, இன்னும் இழு" என்பார்கள். பதற்றத்தில் இருப்பவர் பலமாக இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, உதடும் விரலும் மரத்து, தலை கிறுகிறுக்கும். உடனே "எனக்கு என்னமோ ஆகிறது" என்று இன்னும் பயப்படுவார். எனவே இழுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், விடுவதைப் பற்றி மட்டும் பேசு. மூச்சை அடக்கிவைப்பது, கபாலபாதி, அதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, "இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று சொல்லச் சொல்லாதே. பின்னதிர்வு வருகிறது. அதற்கு மேல் நாட்டில் ஆயிரம் இருக்கிறது, இங்கே எழுத வேண்டாம். "இந்த நிமிஷம் பந்தலில் இருக்கிறோம், வழி அதோ" என்று சொன்னால் போதும். அது பொய் இல்லை.

#18 ஏன்_கேட்பவன்

திட்டத்தில் எனக்குக் குறை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. சான்றிதழ் அச்சடிக்காதீர்கள். கையில் ஒரு தாள் கிடைத்தால் அடுத்த மாதம் அதே பையன் 'ட்ராமா நிபுணர்' என்று பேஸ்புக்கில் பலகை மாட்டுவான்.

#19 செல்வி_சயாமா

சான்றிதழ் இல்லை. மதியச் சாப்பாடு உண்டு, அவ்வளவுதான். :)

#20 சின்ன_ராசு (யாங்கோன்)

வணக்கம். சயாமா சொன்ன தொண்டர்களில் நானும் ஒருவன். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு உள்ளூரப் பயமாக இருக்கிறது. நான் நடத்தும்போது யாராவது திடீரென்று உடம்பு நடுங்கி அழ ஆரம்பித்தாலோ, பதிலே பேசாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தாலோ என்ன செய்வது? அவர்களுடைய கதையைக் கேட்டு எனக்குத் தூக்கம் போனால்?

#21 வள்ளி_நர்ஸ்

ராசு, பயம் இருக்கிற பிள்ளையைத்தான் அனுப்ப வேண்டும், வா.

நடுங்கினால் அந்த நடுக்கத்தை அடக்கப் பார்க்காதே, தூண்டவும் செய்யாதே. "நடுங்குகிறது, பயப்பட வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பார்வைக்குள் பக்கவாட்டில் உட்கார். நேர் எதிரே வேண்டாம். கையைப் பிடிக்கலாமா என்று கேட்காமல் பிடிக்காதே. பெண்ணாக இருந்தால் கூட வந்திருக்கும் பெண் தொண்டரைக் கூப்பிடு. அவர் வீட்டு ஆள் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். பிறகு தண்ணீரோ லபெயேயோ (டீ) கொடு, வெதுவெதுப்பாகக் கையில் பிடித்துக்கொள்ளட்டும்.

வெறித்துப் பார்த்தால் பயிற்சியை விட்டுவிடு. பெயர் சொல்லிக் கூப்பிடு, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று நீயே சொல். ஈரத்துணி, தனாக்கா வாசனை எது கைக்கெட்டுகிறதோ அதை நீட்டு. எழுந்து நாலடி நடக்க முடியுமா என்று கேள். நினைவு தப்பினால், வலிப்பு வந்தால், நெஞ்சு வலி என்றால் மனசு உடம்பு என்று ஆராயாமல் ஆஸ்பத்திரி. செத்துப்போகிறேன் என்று சொன்னால் தனியாக விடாதே, அன்றே சயாமாவிடம் சொல். ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் யாருக்கும் சத்தியம் செய்யாதே. ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமில்லை, கனவு விடவில்லை, குடி கூடுகிறது என்றால் அவர் பெயரைக் குறித்துக் கொடு, டாக்டர் யார் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உனக்காக: தனியாகப் போகாதே, இரண்டு பேராகப் போங்கள். கதையை நீ கேட்க வேண்டியதில்லை. அவராகச் சொன்னால் கேள், இல்லாவிட்டால் வேண்டாம். திரும்பி வரும் வழியில் இருவரும் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், நேராகப் போய்ப் படுக்க வேண்டாம். தூக்கம் போனால் அந்த வாரம் வர வேண்டாம், செல்வி திட்ட மாட்டாள். முதல் ஞாயிறு நான் பெகுவிலிருந்து காலை ரயிலில் வந்துவிடுகிறேன், ரயில் ஓடினால். இல்லாவிட்டால் பஸ்.